வெள்ளிக்கிழமை நான் சொல்லாமல் விட்டது

ராசா, சாப்பிட்டாயா? காகிதத்தில் கேட்டால் பதில் வராது என்று தெரியும். ஆனால் இதைக் கேட்காமல் எனக்கு அடுத்த வார்த்தை வராது. போனில் கூப்பிட்டால் எடுக்கிறாய், "அப்புறம் பேசறேன்மா" என்கிறாய், வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எப்படி எழுதுகிறாள் என்று கேட்பாய். போனைப் பிடித்துக்கொண்டு நான் பேசுகிறேன், அது எழுதுகிறது. பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர் அதை வாங்கி, நாலு பேர் படிக்கிற மாதிரித் திருத்தித் தருகிறார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "அக்கா, அடுப்படியில ஆரம்பிச்சு பாசாருக்குப் போயி மீன் வாங்கிட்டீங்க, கடிதம் எங்க?" என்று கேட்டார். "வரும் டீச்சர், வழியிலதான் இருக்கு" என்றேன். மீனை மட்டும் எடுத்துவிட்டார். மற்றதெல்லாம் இருக்கிறது. உன்னைப் போலத் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து, ஏஐயிடம் சொல்லிச் சொல்லிச் சின்னச் சின்ன ஆப் செய்கிற பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் போடச் சொல்லியிருக்கிறேன்.

காப்பாரிலிருந்து திரும்பி வந்த அன்று லோரியில் எனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்: "மாசக் கடைசில ஆப்ப மூடிடறேன்மா. பழைய வேலைக்கே போறேன்." மாசக் கடைசி நாளைதான். நீ மூடுவதற்குள் என் வாயிலிருந்து ஒரு விஷயம் வந்தாக வேண்டும். இத்தனை நாள் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் நம் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. மலேசியாவில், கிள்ளானில் எங்களுக்குக் கெனப்பி வாடகைக்கு விடுகிற தொழில். இரும்புக் கால் நிறுத்தி மேலே துணி கட்டுகிற கூடாரம், அதோடு மேசை நாற்காலி, காற்றாடி. தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் வாசலுக்கு முன்னால் இருக்கிற தார் ரோட்டில்தான் விசேஷமே நடக்கும். தாரில் முளை அடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு காலிலும் தண்ணீர் நிரப்பிய டிரம்மைக் கட்டி வைப்போம். ஓர்டர் எல்லாம் உன் அப்பாவின் தலையிலும், சமையலறையில் தொங்குகிற காலண்டரிலும் இருந்தது. நல்ல காரியத்துக்குச் சிவப்புப் பேனா. மற்றதற்குக் கறுப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு எழுத்துகூட இருக்காது. அந்த வீட்டிலிருந்து யாரும் நேராகக் கூப்பிடவும் மாட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரோ மருமகனோ கூப்பிட்டு, "அண்ணே, இங்க ஒரு காரியமாயிடுச்சு" என்பார். அப்பா, "எந்த வீடு?" என்று மட்டும் கேட்டுவிட்டு லோரிச் சாவியை எடுப்பார்.

ஒரே நாளில் இரண்டு கல்யாண வீட்டுக்கு ஒரே கெனப்பியைச் சொல்லிவிட்டு அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாரே, அன்றுதான் நீ, "இதுக்கு நானே ஒண்ணு செஞ்சு தரேன்பா" என்றாய். அப்போது நீ போன் எடுத்துப் பதில் சொல்கிற வேலையில் இருந்தாய், கம்ப்யூட்டர் படித்தவனில்லை. "நீ எப்படிடா செய்வ?" என்று அப்பா கேட்டார். "நான் சொல்வேன், ஏஐ செய்யும்" என்றாய். "அப்ப உங்க அம்மா மாதிரிதான். சொல்றது அவ, செய்றது நான்" என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் அறைக்கு உனக்கு ஊறுகாய் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? கீழே மாலைக் கடை, மேலே உன் அறை, நடுவில் ஏற முடியாத ஒரு படிக்கட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து நீ வேலை செய்வதைப் பார்த்தேன். நீ இரண்டு வரி தட்டினாய், அது இருநூறு வரி எழுதியது. "காலண்டர் வை" என்றாய், வந்தது. "ஒரே கெனப்பி ஒரே நாளில் ரெண்டு வீட்டுக்குப் போகக் கூடாது" என்றாய், அதுவும் வந்தது. தப்பாக வந்ததையும் பார்த்தேன். அப்போது நீ கோபப்படாமல் அதற்குத் திரும்பச் சொன்னாய். சின்ன வயதில் நீ கணக்குத் தப்புப் போட்டபோது நான் அப்படிச் சொன்னதில்லை, கரண்டியோடுதான் வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. வாயால் சொல்லவில்லை, ஊறுகாய் மூடி இறுக்கமாக இருக்கிறது, பார்த்துத் திற என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளான் வீட்டுக்கு வந்திருந்தாய். நான் அப்போதுதான் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டிருந்தேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "அம்மா, என்னென்ன விசேஷத்துக்குக் கெனப்பி கேப்பாங்க, ஒண்ணு விடாம சொல்லு" என்றாய். கல்யாணம் சொன்னேன், நிச்சயம், பிறந்தநாள், காதுகுத்து, புதுவீடு, வீட்டுப் பூசை எல்லாம் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டாய். தொண்டை வரைக்கும் வந்தது. எரிகிற விளக்கைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் சாவு என்று எப்படி வாயால் சொல்வது? "அவ்வளவுதான்பா" என்றேன். நம் தொழிலில் பாதி அந்த வீடுகள்தான். அந்தப் பாதியை நான் உனக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறுநாள் சனிக்கிழமை மூன்று கல்யாணம், மறந்தே போனேன். நீயும் பாவம், சின்னப் பிள்ளையிலிருந்து அந்த வீடுகளுக்குப் போகாதே என்று உன்னைத் தள்ளி வைத்தவளும் நான்தான். உனக்கு எப்படித் தெரியும்?

நான் சொன்ன பட்டியலை ஏஐக்குக் கொடுத்தாய். அதுவும் நல்ல மனதோடு, கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று சேர்த்துக்கொண்டது. எல்லாமே விசேஷம் என்றுதானே அதற்குச் சொல்லியிருக்கிறோம். அதனால் கெனப்பியைக் கழற்றியதும் எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரு வாழ்த்து எழுதி வைத்தது. வீட்டுக்காரர்களே போனில் ஓர்டர் போடுகிற மாதிரி ஆப்பும் வெளியே போனது.

காப்பாரில் ஒரு பெரியவரின் மனைவி இறந்தது சனிக்கிழமை. மருமகன் ஆப்பைத் திறந்து, தேடிப் பார்த்து, வேறு வழியில்லாமல் 'மற்றவை'யை அழுத்தியிருக்கிறார். பெயர் கேட்ட இடத்தில் மாமனார் பெயர், அவருடைய போன் நம்பர். கெனப்பி போனது, நின்றது, திங்கட்கிழமை கழற்றினோம். கழற்றி லோரி நகர்ந்த உடனே அந்தப் பெரியவர் போனுக்குச் செய்தி போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாம் மூன்று பேரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். அங்கே நடந்ததை உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏனென்றால் நீ அங்கே கேட்டது வேறு, நான் கேட்டது வேறு.

அவர் வாங்க என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் சொல்லக் கூடாது, அது சரி. நாற்காலியைக் காட்டினார். போனை என்னிடம் நீட்டி, "படிங்கம்மா" என்றார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று அவருக்குத் தெரியாது. கூட்டிக் கூட்டி, சத்தமாக, அந்த வீட்டு வாசலில் நான் படித்தேன்: "உங்கள் இனிய விழா சிறப்பாக அமைந்ததில் மகிழ்ச்சி! மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம்!" பக்கத்தில் மூன்று பலூன். கீழே, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

"எதுக்கும்மா காத்திருக்கீங்க? அடுத்து இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றார்.

நீ முந்திக்கொண்டு, "சாரி அங்கிள், சாரி. அது நான் எழுதல அங்கிள். ஏஐ தானா எழுதிருச்சு" என்றாய்.

அவர் உன்னை நிதானமாகப் பார்த்தார். "யாரு தம்பி அது? உங்ககூட வந்திருக்காரா?"

"இல்ல அங்கிள், அது வந்து..."

"வந்திருந்தா முன்னால வரச் சொல்லு லா. நான் அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

உன்னை அவர் கேட்டது உனக்கு மட்டும்தான் சுட்டது என்று நினைத்தாய். இல்லை ராசா. 'முன்னால வரச் சொல்லு' என்றபோது எழுந்து நின்றிருக்க வேண்டியவள் நான். "ஐயா, அதுக்குச் சொல்லாம விட்டது நான்தான்" என்று ஒரு வார்த்தை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வயசுப் பிள்ளை என் தப்பையும் சேர்த்துச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது போய் வருகிறோம் என்று சொல்லாமல் நடந்தோம். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அதைத்தான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால் ரவாங்கில் ஒரு பிறந்தநாள் வீடு. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது, நான் அவசரத்தில் இரண்டு டிரம்மை நிரப்பாமலே கட்டிவிட்டேன். மதியம் காற்று எழுந்தது. கெனப்பியின் ஒரு பக்கம் தூக்கி, கேக் மேல் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. கேக்தான் போனது. வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "என்னக்கா ஆச்சு?" என்றார். "காத்துக்கா, என்ன செய்றது" என்றேன். அவரும் நம்பி, "ஆமாக்கா, பேய்க் காத்து" என்று சொல்லி, எங்களுக்குப் பிரியாணி வேறு கட்டிக் கொடுத்தார். லோரியில் வரும்போது உன் அப்பா அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார், எனக்கு இறங்கவில்லை. "காத்து சாப்பிடலியா?" என்று மட்டும் கேட்டார். காலி டிரம்மை அவர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்துதான் எந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் ஒவ்வொரு டிரம்மையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஏன் தட்டுகிறார் என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். "உங்கம்மாவக் கேளு" என்பார். இப்போது சொல்லிவிட்டேன்.

நான் காற்றைச் சொன்னேன், நீ ஏஐயைச் சொன்னாய். நம் இரண்டு பேருக்கும் ரத்தம் ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நீ பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டாய். 'மற்றவை'க்குப் போகிற செய்தியை நிறுத்திவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நிறுத்தினால் போதாது என்று எனக்குத் தோன்றியது. பேசத் தெரியாமல் பேசியவன் ஊமையாகிவிட்டால் சரியாகிவிடுமா? ஆப் எப்படி இருக்கிறது என்று நான் தொட்டுப் பார்ப்பதற்காக உன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து வைத்திருந்தாயே, அதைத் திறந்தேன். நீ தட்டுகிற இடத்தில் எனக்குத் தட்டத் தெரியாது. மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசினேன். முதல் வார்த்தை என்ன சொன்னேன் தெரியுமா? "சாவு" என்றேன். சமையலறையில், பட்டப்பகலில், தனியாக. சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. "சாவு வீட்டுக்குத் தனியா ஒண்ணு வை. பேரு 'துக்கம்'னு போடு. முதல்ல தேதி கேக்காதே, 'இப்பவே வேணும்'னு ஒரு பட்டன் வை. பின்னால வர்ற காரியத்துக்குக் கேக்கறவங்களுக்கு மட்டும் நாள் எழுத ஒரு இடம் வை. விழா நாயகர் பேரு கேக்காதே, யார்கிட்ட பேசணும்னு மட்டும் கேளு. வெள்ளைத் துணிதான், கலர் காட்டாதே. அந்த வீட்டுல இருந்து வந்த துணி துவைச்சு மஞ்சத் தண்ணி தெளிச்சுக் காயற வரைக்கும் கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது, ஒரு நாள் விடு." எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. செய்தது. முதலில் பக்கத்தில் ஒரு பூப்படம் வைத்தது, எடு என்றேன். ஆறு வரியில் ஆறுதல் எழுதியது. "இவ்வளவு பேசுறவன அந்த வீட்டுல உக்கார வைக்க மாட்டாங்க, குறை" என்றேன். குறைத்தது. இப்போது இப்படித்தான் போகிறது: "கெனப்பி வருகிறது. ஆட்கள் சத்தமில்லாமல் கட்டுவார்கள். நீங்கள் வெளியே வர வேண்டாம்." கழற்றிய பிறகு என்ன செய்தி அனுப்பட்டும் என்று கேட்டது. ஒன்றும் வேண்டாம் என்றேன். நன்றியாவது சொல்லட்டுமா என்றது. வேண்டாம், அந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் வர வேண்டும் என்றேன். சரி என்று எழுதி வைத்துக்கொண்டது. உனக்குச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம், அதற்குச் சொல்ல ஒரு காலைப் பொழுது.

நடுவில் ஒரு கூத்து. எதையோ மாற்றச் சொல்லப் போய், கல்யாணம் என்ற பட்டனே காணாமல் போனது. நாடே கல்யாணம் இல்லாமல் அரை நாள் இருந்தது என்று வைத்துக்கொள். நல்லவேளை, அதை இன்னும் வெளியே விடவில்லை. "நேத்து இருந்த மாதிரி வை" என்றேன், திரும்பி வந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்து, "உடைச்சிட்டியா?" என்றார். "உடைச்சு, ஒட்டியும் வெச்சாச்சு" என்றேன். வெளியே விடுவதற்கு முன்னால் என் போனுக்கே ஒரு துக்க ஓர்டர் போட்டுக்கொண்டேன். வந்த செய்தியை நின்றுகொண்டு படிக்கவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, காப்பார் பெரியவர் உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று தடவை. டிரம்மைத் தட்டிப் பார்ப்பது என்றால் இதுதானே? உன் ஆப் எதுவானாலும், அது போய்ச் சேருகிற வீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்பு. எனக்குத் தெரிந்த புத்தி அவ்வளவுதான்.

அந்த ஏஐ கெட்டதில்லை ராசா. புதிதாகச் சேர்ந்த வேலையாள் மாதிரி. சுறுசுறுப்பு அதிகம், தெரியாது என்று சொல்லாது, எல்லா வீட்டுக்கும் சிரித்த முகத்தோடு போகும். எந்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்று கூட்டிப்போகிறவன்தான் சொல்ல வேண்டும். வேலையாள் தப்புச் செய்தால் நம் லோரியில் இருக்கிற பெயர்தானே கெடும்? அதனால் நம் லோரியிலிருந்து இறங்குவது எல்லாம் நாம்தான். இந்தக் கடிதத்தையும் போன்தான் எழுதியது, டீச்சர்தான் திருத்தினார். ஆனால் இதில் தப்பு இருந்தால் என்னிடம் வா. நான் முன்னால் வருகிறேன்.

சனிக்கிழமை செலாயாங்கில் கெனப்பி வைத்திருக்கிற அந்தப் பெண் கூப்பிட்டாள். நீ அவளுக்கும்தானே இந்த ஆப்பைக் கொடுத்திருக்கிறாய். "ஆன்டி, புதுசா துக்கம்னு ஒண்ணு வந்திருக்கு, யாரு வெச்சா?" என்றாள். பயந்துபோய், "ஏம்மா?" என்றேன். "என் மனசுல இருந்தத அப்படியே வெச்சிருக்காங்க ஆன்டி. நான் கேக்கணும்னு நெனச்சு, எப்படிக் கேக்கிறதுன்னு விட்டுட்டேன்" என்றாள். அவளும் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் விட்டிருப்பாள்.

இனி நேற்று நடந்தது. நீ ஆப்பிலிருந்து வருகிற மணியை உன் போனில் அணைத்து வைத்திருப்பாய், அதனால் பார்த்திருக்க மாட்டாய். புதன்கிழமை காலையில் ஓர்டர் ஒன்று விழுந்தது. இடம் காப்பார். பெயரைப் பார்த்ததும் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெரியவரேதான். மருமகன் இல்லை, அவர் நம்பரிலிருந்து. 'துக்கம்' அழுத்தியிருக்கிறார். நாள் எழுதுகிற இடத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் நாள் காரியம் என்று எழுதியிருக்கிறார். கீழே, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் இரண்டே வார்த்தை.

"பலூன் வேண்டாம்."

உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரம்மை எண்ணப் போய்விட்டார்.

நீ மாசக் கடைசியில் மூடுவதாகச் சொன்னாய். மாசக் கடைசி நாளை வெள்ளிக்கிழமை. பெரியவர் கேட்டிருப்பது ஞாயிற்றுக்கிழமை. உன்னைக் கேட்காமலே 'ஏற்கிறோம்' என்பதை அழுத்திவிட்டேன். மூன்று வரிச் செய்தி அவருக்குப் போய்விட்டது. நாளை சாயங்காலம் வா. விளக்கேற்றி வைத்திருப்பேன், நீ லேப்டாப்போடு உட்கார், விட்டுப்போனது இன்னும் என்னென்ன என்று கேள். அந்த விளக்குக்கு முன்னாலேயே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரியில் நடுவில் நீ உட்காரு. அந்த வீட்டில் இறங்கியதும், இந்தத் தடவை முதலில் பேசப்போவது நான்.

அம்மா